நின்றே ஆண்ட ஏலவதி

அஜீஸுன்னிசா: ...அப்பத்தான் கயிறு தொய்ஞ்சு போச்சு. அதோட நிறுத்தினேன், இல்லையா தம்பி?

சென்னிமலை: அதேதானுங்க அக்கா. சனிக்கிழமை அதச் சொல்லிப்போட்டு, மிசின் நின்னுருச்சுன்னு நீங்க பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிட்டீங்க. மூணு நாளா எனக்குச் சோறு எறங்கல.

அஜீஸுன்னிசா: மஞ்சுளா, இவரு எடை எவ்வளவு ஏறியிருக்கு?

மஞ்சுளா: ரெண்டே முக்கால் கிலோம்மா.

அஜீஸுன்னிசா: சோறு எறங்காமயே ரெண்டே முக்காலா?

சென்னிமலை: அது தண்ணிங்க. வெயிலு அப்படிக் காயுது. இருவது வருசம் ரிக் வண்டியில ஊரூராப் போயி போர் போட்டு, ஊருக்கெல்லாம் தண்ணி எடுத்துக் குடுத்தவன் நானு. எனக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டருதான்னு டாக்டர் சொன்னா... மனசு கேக்க வேண்டாமுங்களா?

மஞ்சுளா: மனசு கேக்கலைன்னா டயாலிசிஸ் மிசின்தான் எல்லாத்தையும் உறிஞ்சி எடுக்கணும். கைய ஆட்டாதீங்க அண்ணா, இப்பத்தான் ஊசி குத்தியிருக்கு. முன்ன ஒருநா யானை வந்துச்சுன்னு கைய விரிச்சுக் காட்டினீங்க. மிசின் கத்துச்சு. நாந்தான் ஓடி வந்தேன்.

சென்னிமலை: ஆயிரம் யானைங்க. சும்மா எப்படிச் சொல்றது?

அஜீஸுன்னிசா: அதை நாந்தானே சொன்னேன். நீ எதுக்குக் கைய விரிச்சே?

சென்னிமலை: நீங்க சொன்னீங்க, எனக்குக் கண்ணுல தெரிஞ்சுதுங்க... சரி, அத உடுங்க. மல்லியன் இருக்கறானா, செத்துட்டானா? அத மட்டும் இன்னைக்குச் சொல்லிப்போடுங்க.

அஜீஸுன்னிசா: என்ன அவசரம்? வியாழக்கிழமையும் நானு மூணாம் கட்டிலு, நீ நாலாம் கட்டிலு. இங்கதானே கெடக்கப் போறோம்?

சென்னிமலை: இல்லீங்க. இன்னைக்கே சொல்லிப்போடுங்க.

மஞ்சுளா: மல்லியன்னா யாரு? நான் லீவுல போனப்ப வந்த ஆளா?

அஜீஸுன்னிசா: நீயே சொல்லு தம்பி. எனக்கு வாய் வறண்டு கெடக்கு, சொல்லித் தீந்தா ஒரு மொடக்கு தண்ணி வேணும்னு தோணும்.

சென்னிமலை: சொல்றேன் கேளுங்க மஞ்சுளா. எழுகரை நாடுன்னு ஒண்ணு. அங்க ஏழு கரை இருக்குது. ஆறு மட்டும் இல்ல.

மஞ்சுளா: ஆறு இல்லாம கரை எப்படி வரும்?

சென்னிமலை: இருந்துச்சுங்க. நாலு கெளையா ஓடுன ஆறு. ஒருநா விடிஞ்சு பாத்தா இல்ல. கட்டுத்தறியில இருந்த மாடு எந்திரிச்சுப் போறாப்பல எந்திரிச்சுப் போயிருச்சு.

மஞ்சுளா: நாலு கெளைன்னா எட்டுக் கரையில்ல வரணும்?

சென்னிமலை: ஒரு கரையத் தொணைக்குக் கூட்டிட்டுப் போயிருச்சுங்க.

மஞ்சுளா: அது சரி. எதுக்காகப் போச்சு?

அஜீஸுன்னிசா: யாரும் அதுகிட்டப் பேசறதில்ல மஞ்சுளா. துணி துவைக்கறாங்க, குளிக்கறாங்க, குடம் குடமா மொண்டுக்கிட்டுப் போறாங்க. நல்லா இருக்கியான்னு ஒரு வார்த்தை கேக்கறதில்ல. ரோசப்பட்டுப் போயிருச்சு.

மஞ்சுளா: நீங்க சொல்றதுலயும் ஞாயம் இருக்குது. எங்க வீட்லயே நான் அப்படி ஒருநா போயிருவேன்.

சென்னிமலை: அந்த வருசந்தான் ஏலவதிக்குப் பட்டம் கட்டுனாங்க. பத்தொம்பது வயசு. சிங்காசனத்தத் தொடச்சு வெச்சுக் கூப்புடறாங்க. அவ உக்கார மாட்டேன்னுட்டா. ஆறு திரும்பி வந்து எங் காலத் தொட்டாத்தான் உக்காருவேன், அதுவரைக்கும் நின்னுக்கிட்டே ஆள்றேன்னு சொல்லிட்டா. நாப்பது வருசமுங்க. நின்னுக்கிட்டே சாப்பாடு. நின்னுக்கிட்டே வழக்குத் தீக்கறது.

மஞ்சுளா: தூக்கம்?

சென்னிமலை: தூணுல சாஞ்சுதான். அந்தத் தூணுல அவ தோள் அழுத்துன பள்ளம் இன்னும் இருக்குதாமா. அந்த நாட்டுல யாருக்காச்சும் வெசனமுன்னா, போயி அந்தப் பள்ளத்துல தோளு குடுத்துக் கொஞ்ச நேரம் நிப்பாங்களாமா.

மஞ்சுளா: எனக்கு அந்தத் தூணு வேணும் அண்ணா. எட்டு மணி நேரம் நின்னா முழங்கால் என்ன ஆகும்னு எங்கிட்டக் கேளுங்க.

அஜீஸுன்னிசா: துவரனைச் சொல்லு.

சென்னிமலை: அவன் தளபதிங்க. ஆளு மலையாட்டம் இருப்பான், ஆனா குதிரைன்னா பயம். நடந்தே சண்டைக்குப் போவான். மணல் நாட்டு ராசா ஆயிரம் யானையோட வந்தப்ப, துவரன் ஒருத்தனாப் போயி வழியில நின்னான். கையில கத்தி இல்ல, ஒண்ணுமில்ல. மொத யானை வந்துச்சு. உம் பேரு கருப்பாயின்னான். அது நின்னு போச்சு. அடுத்தது வந்துச்சு. உம் பேரு செவத்தான்னான். அதுவும் நின்னு போச்சு.

மஞ்சுளா: பேரு வெச்சா நின்னுருமா?

அஜீஸுன்னிசா: அதுவரைக்கும் அதுங்களுக்குப் பேரே கெடையாது மஞ்சுளா. மொத யானை, ரெண்டாவது யானைன்னு எண்ணித்தான் ஓட்டிக்கிட்டு வந்தாங்க. தனக்குப் பேரு வெச்சவனை எந்த யானையும் மிதிக்காது.

சென்னிமலை: மூணு நாளு ஆச்சுங்க ஆயிரத்துக்கும் பேரு வெக்க. ஒரு பேரு ரெண்டாந்தடவ வரல. கடைசி யானைக்குப் பேரு கெடைக்காம, அவங்க அம்மா பேர வெச்சான்.

மஞ்சுளா: ஒரு நிமிசம் அண்ணா, பிரஷர் பாத்துக்கறேன்... நூத்தி நாப்பது. பரவால்ல. ஆமா, டாக்டர் உங்க ரிப்போர்ட்டெல்லாம் ஒரு கவர்ல போட்டு வெச்சிருக்காரு. போறப்ப மறக்காம...

சென்னிமலை: சரிங்க, சரிங்க. அது பொறவு பாத்துக்கலாமுங்க.

அஜீஸுன்னிசா: என்ன ரிப்போர்ட்டு?

சென்னிமலை: ரத்தம் எடுத்தாங்கள்ல, அதுதானுங்க. ஒறம்பரை ஊட்ல ஒரு கல்யாணம், பரமத்திப் பக்கம். நாலஞ்சு நாளு அங்க இருக்கற மாதிரி ஆகும். பக்கத்துல எங்காச்சும் டயாலிசிஸ் பண்ணிக்கலாம்னு...

அஜீஸுன்னிசா: யாரு கல்யாணம்?

சென்னிமலை: பெரியப்பன் பேத்திங்க.

அஜீஸுன்னிசா: பொண்ணு பேரு?

சென்னிமலை: பேரு... அபிநயா.

அஜீஸுன்னிசா: துவரன் ஆயிரம் பேரு வெச்சான். உனக்கு ஒண்ணு வர இவ்வளவு நேரமா?

சென்னிமலை: அட, போங்கக்கா. மஞ்சுளா, மிச்சத்தக் கேளுங்க. கடுகன்னு ஒரு மந்திரி. ஆளு இத்தனூண்டு. அவனுக்கு ஒரே வேலை. தெனம் விடிஞ்சதும் ஆத்துப் படுகைக்குப் போயிப் பாத்துட்டு வந்து, அரசிகிட்ட 'இன்னைக்கும் வரல'ன்னு சொல்லணும். நாப்பது வருசமும் அத மட்டுந்தான் சொன்னான்.

மஞ்சுளா: பாவம். கெட்ட சேதி சொல்றதுக்குன்னே ஒரு ஆளா?

அஜீஸுன்னிசா: அவளுக்குப் பொய் சொல்றவங்க நெறைய இருந்தாங்க. நாளைக்கு வந்துரும், மறுநாள் வந்துரும்னு. கடுகன் ஒருத்தன்தான் உள்ளதைச் சொல்லுவான். அதனால அவன்மேல அவளுக்குப் பிரியம்.

சென்னிமலை: மல்லியன் கெணறு வெட்டறவன். ஆறு பூமிக்கடியில போயிப் படுத்திருக்குது, நான் எறங்கிப் போயிப் பேசிக் கூட்டிட்டு வாரேன்னான். நாட்டுல இருக்கற ஒவ்வொருத்தரும் தலையில ஒரு முடி குடுத்து, அதுலயே கயிறு திரிச்சாங்க. அதக் கட்டிக்கிட்டு எறங்குனான். எறங்கறான், எறங்கறான், பன்னண்டு வருசமா எறங்கறான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒருக்கா கயித்த இழுப்பான். உசுரோட இருக்கறேன்னு அர்த்தம். மேல கயித்து நுனியப் புடிச்சுட்டு நிக்கறது யாருன்னு நெனைக்கறீங்க?

மஞ்சுளா: அரசியா?

சென்னிமலை: அவளேதான். எப்படியும் நின்னுக்கிட்டுத்தான இருக்கறேன், குடுங்க நானே புடிக்கறேன்னுட்டா. அந்தக் கயிறு சனிக்கிழமை தொய்ஞ்சு போச்சு.

மஞ்சுளா: ஐயோ. அப்புறம்?

சென்னிமலை: அதத்தான் நானும் கேக்கறேன்.

மஞ்சுளா: இருங்க, ஏழாம் கட்டில்ல கூப்பிடறாங்க. நான் வர்ற வரைக்கும் சொல்லிராதீங்கம்மா.

அஜீஸுன்னிசா: நீ போயிட்டு வா... தம்பி, அந்தக் கயிறு இருக்கே, அதை ஒம்பது ஊரு ஆளுங்க சேர்ந்து திரிச்சாங்க. மொத ஊருல...

சென்னிமலை: அக்கா, கயிறு போன மாசமே திரிச்சாச்சுங்க.

அஜீஸுன்னிசா: திரிச்சதைச் சொன்னேன். யாரு யாரு திரிச்சாங்கன்னு சொல்லல.

சென்னிமலை: நீங்க இழுக்கறீங்க.

அஜீஸுன்னிசா: இழுக்கல. புத்தகத்துல அப்படித்தான் இருக்கு.

சென்னிமலை: அந்தப் புஸ்தகம்... ஒண்ணு கேக்கட்டுங்களா? உங்க மாமனாரு காலத்துல, பொட்டலம் மடிக்கக் கடைக்கு வந்த பழைய காயிதத்துல கெடந்துச்சுன்னு சொன்னீங்க.

அஜீஸுன்னிசா: ஆமா. அட்டை கிழிஞ்சு கெடந்துச்சு. யாரு எழுதினதுன்னுகூடத் தெரியாது.

சென்னிமலை: போன தீவாளி நோம்பிக்கு எங்கூட்ல மளிகைச் சீட்டு எழுதிக் குடுத்தாங்க. யாருகிட்டயோ வாங்கறதுக்கு அக்கா கடையிலயே வாங்கலாம்னு செவ்வாப்பேட்டைக்குப் போனேன். உங்கூட்டுக்காரரு, கரீம் பாஷா பாய்தான் இருந்தாரு. அவரு முன்னால நின்னு சீட்ட வாசிக்கறேன். ஏலக்கா நூறு. தொவரம்பருப்பு ரெண்டு கிலோ. கடுகு கால் கிலோ. மல்லி அரைக் கிலோ... எழுகரை நாட்டு அரசாங்கமே ஒரே பையில எங்கூட்டுக்கு வந்துச்சுங்க.

அஜீஸுன்னிசா: சிரிக்க வைக்காதே தம்பி, ஊசி வலிக்குது... கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து அந்தக் கடை மூட்டைங்களுக்கு நடுவுல இருக்கேன். பேரு வேணும்னா எனக்கு வேற என்ன வரும்?

சென்னிமலை: அப்போ புஸ்தகமே இல்லீங்களா?

அஜீஸுன்னிசா: இல்ல.

சென்னிமலை: ஒரு பக்கம்கூட?

அஜீஸுன்னிசா: ஒரு வரிகூட இல்ல. நோம்பி முடிஞ்சு ஆறு மாசம் ஆச்சே. தெரிஞ்சும் ஏன் கேட்டுக்கிட்டு இருந்தே?

சென்னிமலை: புஸ்தகத்துல இருந்தா என்னுங்க, இல்லாட்டி என்னுங்க? ஏலவதி நிக்கறது நிக்கறதுதான?

அஜீஸுன்னிசா: அப்ப இதையும் கேட்டுக்கோ. மல்லியன் என்ன ஆனான்னு எனக்கே தெரியாது. சனிக்கிழமை ஏதோ வாய்க்கு வந்து கயிறு தொய்ஞ்சு போச்சுன்னு சொல்லிட்டேன். மூணு நாளா யோசிக்கிறேன். அவனைச் சாக விடவும் மனசு வரல, மேல கொண்டுவரவும் வழி தெரியல.

சென்னிமலை: கயிறு எப்படிங்க தொய்ஞ்சுது?

அஜீஸுன்னிசா: எப்படின்னா?

சென்னிமலை: படக்குனு தொய்ஞ்சுதா, மெல்ல மெல்லவா? நல்லா நெனச்சுச் சொல்லுங்க.

அஜீஸுன்னிசா: மெல்லத்தான். அரசி கையில இருந்த பாரம் கொஞ்சம் கொஞ்சமா கொறைஞ்சுதுன்னு சொன்னேன்.

சென்னிமலை: அப்ப அறுந்து போகலீங்க. அறுந்தா படக்குனு உட்டுரும். மெல்லத் தொய்ஞ்சா அவன் மேல வாரான்னு அர்த்தம்.

அஜீஸுன்னிசா: பன்னெண்டு வருசம் எறங்கின தூரத்தை எப்படி ஏறுவான்?

சென்னிமலை: ஏற வேண்டியதில்லீங்களே. ஒருக்கா ராசிபுரம் பக்கம் ஆயிரத்து நூறு அடி போட்டும் புழுதிதான் வந்துச்சு. போர் போடச் சொன்ன காட்டுக்காரரு நிறுத்தச் சொல்லிட்டாரு. நாந்தான் இன்னும் ஒரு ராடு எறக்கிப் பாக்கலாமுங்கன்னேன். பாறை ஒடைஞ்சுது பாருங்க, தண்ணி ஒரே தூக்காத் தூக்கிப் பனமர ஒசரம் அடிச்சுது. அந்த மனுசன் அப்படியே நனைஞ்சுக்கிட்டு நின்னாரு. மல்லியனுக்கும் அதுதானுங்க. ஆறு எந்திரிச்சிருச்சு. அது மேல வருது, இவன் அதுல மெதந்துக்கிட்டு வாரான்.

அஜீஸுன்னிசா: மெதந்துக்கிட்டே.

சென்னிமலை: ஆமாங்க. கயிறு எதுக்கு அவனுக்கு?

அஜீஸுன்னிசா: இரு... அப்ப ஆத்துக்கிட்ட அவன் என்ன பேசியிருப்பான்?

சென்னிமலை: அது எனக்குத் தெரியாதுங்க. நீங்கதான் சொல்லணும்.

அஜீஸுன்னிசா: நல்லா இருக்கியான்னு கேட்டிருப்பான். வேற ஒண்ணும் கேக்கல. வீட்டுக்கு வான்னுகூடக் கூப்பிடல. பக்கத்துல உக்காந்துக்கிட்டான். ஆறு ரொம்ப நாளு பேசாம இருந்துட்டு, நாட்டுல எல்லாரும் எப்படி இருக்காங்கன்னு கேட்டுச்சு. ஒருத்தி இன்னும் நின்னுக்கிட்டே இருக்கான்னான். அதுக்கப்புறந்தான் எந்திரிச்சுச்சு.

சென்னிமலை: ...நல்லாருக்குதுங்க.

அஜீஸுன்னிசா: காலையில கடுகன் எப்பவும்போல படுகைக்குப் போனான். திரும்பி வந்தான். அரசி முன்னால நிக்கிறான், பேச்சு வரல. நாப்பது வருசமா ஒரே வார்த்தையச் சொன்ன வாயி, வேற வார்த்தை வர மாட்டேங்குது. கீழ பாத்தா அவன் வேட்டி முழங்கால் வரைக்கும் நனைஞ்சு சொட்டிக்கிட்டு இருக்கு. அதைப் பாத்துத்தான் அரசி தெரிஞ்சுக்கிட்டா.

சென்னிமலை: ஏலவதி உக்காந்தாளா?

அஜீஸுன்னிசா: எங்க உக்கார்றது? நாப்பது வருசம் நின்ன காலு மடங்கல. துவரன் ஒரு பக்கம், மல்லியன் ஒரு பக்கம் தோளு குடுத்து மெல்ல எறக்கினாங்க. சிங்காசனத்துல இல்ல, கரையில. தண்ணியில கால விட்டுக்கிட்டு உக்காந்தா. என்ன சொன்னா தெரியுமா? 'கூடவே போன அந்த எட்டாவது கரை எங்கே?'ன்னு கேட்டா.

சென்னிமலை: மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களே அக்கா.

அஜீஸுன்னிசா: நாடுன்னா அவ்வளவு சீக்கிரம் முடியுமா? சரி, உன் மல்லியன் மேல வந்துட்டான். இப்ப நீ சொல்லு. இன்னைக்கே தெரியணும்னு ஏன் நின்னே?

சென்னிமலை: கல்யாணத்துக்குப் போறதுனால...

அஜீஸுன்னிசா: தம்பி.

சென்னிமலை: ...கல்யாணமெல்லாம் இல்லீங்க. வியாழக்கிழமை கோயமுத்தூருல அட்மிசன். கிட்னி வெக்கறாங்க. கமிட்டி கையெழுத்துப் போட்டுட்டாங்க. எங்கம்மாதான் குடுக்கறாங்க. அறுவது வயசாச்சு, நீ குடுக்க வேண்டாம்மான்னேன். அதுக்கென்ன சாமி, காட்டுல இன்னும் களை வெட்டறவ நானுன்னாங்க. டெஸ்டு எல்லாத்துலயும் பொருந்திப் போச்சு.

அஜீஸுன்னிசா: ஒரு மாசமா எங்கிட்ட மறைச்சியே.

சென்னிமலை: எப்படிங்க சொல்றது? நீங்க ஆறு வருசமா இந்தக் கட்டில்ல கெடக்கறீங்க. உங்க பையன் நதீம் தம்பி குடுக்கறேன்னு வந்தும் அவருக்குச் சக்கரை இருக்குதுன்னு டாக்டர் வேண்டாம்னுட்டாருன்னு சொன்னீங்க. நான் வந்து ரெண்டு வருசந்தான். உங்களுக்கு முன்னால எந்திரிச்சுப் போறேன்னு எந்த வாயில சொல்றது?

அஜீஸுன்னிசா: உங்கம்மா சாலம்மாளுக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்ல. டெஸ்டு பொருந்தின அன்னைக்கே வெளிய பெஞ்சுல எம் பக்கத்துல வந்து உக்காந்து, கையப் புடிச்சுக்கிட்டு சொல்லிட்டாங்க. எனக்கு இருந்த சந்தோசத்துல அன்னைக்கு ஒரு துண்டு மாம்பழம் திருடித் தின்னேன்.

சென்னிமலை: உங்களுக்குத் தெரியுங்களா? அப்ப எதுக்கு அந்தப் பொண்ணு பேரெல்லாம் கேட்டீங்க?

அஜீஸுன்னிசா: நீ பொய் சொல்ற அழகப் பாக்கத்தான்.

சென்னிமலை: உங்களுக்கு வெசனமே இல்லீங்களா?

அஜீஸுன்னிசா: எதுக்கு? கிட்னிக்குக் காத்திருக்கற பட்டியல்ல எம் பேரும் இருக்கு. வர்றப்ப வரட்டும். வாரத்துல மூணு காலை இங்க படுத்துக்கறேன், மிச்ச நாளெல்லாம் கடையில உக்காந்து அவரை ஏசிக்கிட்டு இருக்கேன். எனக்கு என்ன கொறை? நீ நல்லபடியா முடிச்சுட்டு வா. உங்கம்மாவுக்கும் சேத்து துவா செய்றேன்.

சென்னிமலை: அங்க ஒரு ரூமுல தனியாப் படுக்க வெச்சிருவாங்களாமா. யாரையும் உள்ள உட மாட்டாங்களாமா.

அஜீஸுன்னிசா: போனு விடுவாங்கல்ல? ஏழு மணிக்கு எனக்கு ஊசி போட்டு முடிச்சிருவாங்க. கூப்பிடு. எட்டாவது கரையத் தேடி யாரை அனுப்பறதுன்னு அதுக்குள்ள யோசிச்சு வைக்கிறேன். மஞ்சுளாவும் கேட்டுக்கட்டும்.

சென்னிமலை: அக்கா, ஒண்ணு சொல்லட்டுங்களா? இங்க சேந்த ரெண்டாவது மாசம் நான் ரெண்டு தடவ வராம ஊட்லயே படுத்துக்கிட்டேன். ரிக்குல ஏற முடியாது, இப்படி ஒரு உசுரு எதுக்குன்னு. மூணாவது தடவ அம்மா அழுது கூட்டியாந்தாங்க. அவங்க மனசுக்காக இன்னைக்கு ஒருக்கா போயிட்டு, இனி வாரதில்லைன்னுதான் வந்து படுத்தேன். அன்னைக்குத்தான் நீங்க அந்த ஆறு எந்திரிச்சுப் போனதச் சொன்னீங்க... எனக்காகத்தானுங்களா?

அஜீஸுன்னிசா: உங்கம்மாதான் கேட்டாங்க. எம் பையன் பக்கத்துல இருக்கறான், ஏதாச்சும் பேச்சுக் குடுத்துக்கிட்டு இருங்கம்மான்னு.

சென்னிமலை: நீங்க மட்டும் அன்னைக்குச் சொல்லலீன்னா, நான் இன்னைக்கு இருக்க மாட்டேனுங்க. இதச் சொல்லாமப் போகக் கூடாதுன்னுதான்...

அஜீஸுன்னிசா: உனக்கு மட்டும்னு நெனச்சுக்காதே தம்பி. அன்னைக்கு நானும் இதோட போதும்னு முடிவு பண்ணித்தான் வந்து படுத்தேன். நாலு வருசம் ஆயிருந்துச்சு, அலுத்துப் போச்சு. நதீமுக்குத் தெரியாது, எங்க வீட்டுக்காரருக்குக்கூட இன்னி வரைக்கும் சொன்னதில்ல. கடைசி நாளு, அந்தம்மா கேட்டாங்களேன்னு ஏதோ சொல்லி வைப்போம்னுதான் ஆரம்பிச்சேன். மிசின் நின்னதும் நீ எம் பக்கம் திரும்பி, 'ஆறு எங்கீங்க போச்சு?'ன்னு கேட்டே. எனக்குத் தெரியல. வியாழக்கிழமை வா, சொல்றேன்னு சொல்லிட்டேன். சொன்னதுக்கப்புறம் நான் வராம எப்படி இருக்கறது?